ஈசானிய மூலை ஃபில்டர்

ஒரு பொருளுக்குப் பொட்டு வைப்பதால் கெடுதல் வரும் என்று திருத்தணி வட்டாரத்தில் எவனாவது சொன்னால் அவனை மேலும் கீழும் பார்ப்பார்கள். இங்கே டிராக்டருக்குப் பொட்டு வைக்கிறோம், தறிக்கு வைக்கிறோம், தண்ணீர் மோட்டாருக்கு வைக்கிறோம், கரெண்ட் மீட்டருக்குக்கூட வைக்கிறோம். எல்லாம் முன்பு எப்படி ஓடியதோ அப்படியேதான் ஓடுகிறது. ஆகவே ஸ்படிகா செமிகண்டக்டர்ஸ் கம்பெனியின் இயக்குநர் சூர்யபிரகாஷ், போன ஆயுத பூஜை அன்று ஒரு ஃபில்டருக்குப் பொட்டு வைத்ததில் தப்பான எண்ணம் எதுவும் இல்லை. விரல்தான் கொஞ்சம் உள்ளே போய்விட்டது.

கே.ஜி.கண்டிகையைத் தாண்டிப் போனால் முருங்கைத் தோட்டத்துக்கும் செங்கல் சூளைக்கும் நடுவில் ஜன்னலே இல்லாமல் வெள்ளையாக ஒரு கட்டடம் நிற்கிறதே, அதுதான் கம்பெனி. நம் செல்போனுக்குள்ளும் வாஷிங் மெஷினுக்குள்ளும் இருக்கிற சிப்பை அங்கே செய்கிறார்கள். செய்கிற அறையில் தூசு இருக்கக் கூடாது. கண்ணுக்குத் தெரிகிற தூசைச் சொல்லவில்லை, தெரியாத தூசும் கூடாது. ஒரு துகள் போய் சிலிக்கான் தட்டில் உட்கார்ந்தால் அந்த இடத்துச் சிப் செத்தது. அதனால் கூரை முழுக்க ஃபில்டர் பதித்து, அதன் வழியாகத்தான் காற்றை உள்ளே இறக்குவார்கள். ஃபில்டர் என்பது மடிப்பு மடிப்பாக வைத்த கண்ணாடி நார்க் காகிதம். அப்பளத்துக்காவது கொஞ்சம் கெட்டித்தனம் உண்டு, இதற்கு அதுவும் கிடையாது. விரல் படக் கூடாது என்பது படிக்கத் தெரியாதவர்களுக்கும் புரிய வேண்டும் என்று, பெட்டியின் மேலேயே ஒரு விரலை வரைந்து அதன் மேல் சிவப்புக் கோடு போட்டு அச்சடித்திருந்தார்கள்.

இயக்குநர் அந்தப் படத்தை எல்லோருக்கும் காட்டினார். “இந்தப் படம் வெளிநாட்டுக்காரன் போட்டது. அவனுக்கு ஆயுத பூஜை தெரியாது. தெரிஞ்சிருந்தா இந்த ஒரு நாளைக்கு விலக்குன்னு போட்டிருப்பான்” என்றார்.

சந்தனக் கிண்ணத்தையும் குங்குமச் சிமிழையும் ஏந்திக்கொண்டு அவர் பக்கத்தில் நின்றவள் சினேகா. பொதட்டூர்பேட்டைப் பெண். அப்பா துளசிங்கம் வீட்டிலேயே பவர்லூம் போட்டு லுங்கி நெய்கிறவர். பாலிடெக்னிக் முடித்துவிட்டு வந்தவளுக்கு இந்தக் கம்பெனியில் தூசு எண்ணுகிற வேலை. துகள் மீட்டர் என்று ஒரு பெட்டியைத் தள்ளுவண்டியில் வைத்து ஒவ்வொரு ஃபில்டருக்கும் அடியில் நிறுத்தினால், அது காற்றை உறிஞ்சி எத்தனை துகள் என்று எண்ணிக் காட்டும். ஒழுங்காக இருந்தால் பச்சை விளக்கு, மீறினால் சிவப்பு விளக்கோடு கீச் கீச் என்று ஒரு சத்தம். வேலை இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. அதனால் சிமிழைத் தூக்கு என்றால் தூக்கினாள்.

அறையின் ஈசானிய மூலையில் மாட்டப் போகிற புது ஃபில்டரைப் பெட்டியிலிருந்து எடுத்துச் சாய்த்து வைத்திருந்தார்கள். இயக்குநர் சந்தனத்தைத் தொட்டு, குங்குமத்தைத் தொட்டு, மாப்பிள்ளை நெற்றியில் வைக்கிற மாதிரி மோதிர விரலால் நன்றாக அழுத்தினார். ‘பொசுக்’ என்றது. எல்லோர் காதிலும் விழுந்தது. விரலை அவர் வெளியே எடுத்தபோது மோதிரம் வரைக்கும் நார் ஒட்டியிருந்தது. ஃபில்டர் பிரிவு மேனேஜர் ஹேமநாதன்தான் முதலில் கைதட்டினார். பிறகு எல்லோரும் தட்டினார்கள். சினேகாவின் ஒரு கையில் கிண்ணமும் ஒரு கையில் சிமிழும் இருந்ததால் அவள் மட்டும் தட்டவில்லை.

மறுநாள் ஃபில்டரை மாட்டினார்கள். மீட்டர் கீச் என்றது.

சினேகா ஹேமநாதனிடம் ஓடினாள். “சார், ஈசானிய மூலைல செவப்பு காட்டுதுங்க. நேத்து பொட்டு வெக்கும்போது கிழிஞ்சதுங்களே, அதான் சார்.”

ஹேமநாதன் கதவைச் சாத்தினார். “இன்னா கிழிஞ்சது?”

“ஃபில்டரு சார். நீங்க கூட கைதட்டினீங்களே.”

“தோ பாரும்மா. ஃபில்டரு கிழியாது. மீட்டருதான் கெட்டுப் போவும். மீட்டர மாத்து” என்றார் அவர்.

மாற்றினாள். புது மீட்டரும் கீச் என்றது. ஹைதராபாத்திலிருந்து இன்னொன்று வரவழைத்தார்கள். அதற்கு ஒரு முழு நாள் ஓய்வு கொடுத்து, பிரயாணக் களைப்பெல்லாம் போன பிறகு போட்டுப் பார்த்தார்கள். அதுவும் அதே பாட்டைத்தான் பாடியது. “எல்லா மிஷினும் ஒரே பொய்ய சொல்லுதுன்னா, இதுல ஏதோ கூட்டுச் சதி இருக்குது” என்று ஹேமநாதன் மோவாயைத் தடவினார். மீட்டர்களைக் கண்காணிக்க ஒரு குழு போட்டார்கள். அந்தக் குழு ஒழுங்காகக் கூடுகிறதா என்று கண்காணிக்க இன்னொரு குழு. இரண்டு குழுவும் சேர்ந்து, ஈசானிய மூலை என்பது தெய்வ மூலை, அங்கே நின்று அளப்பது மரியாதையில்லை, கொஞ்சம் தள்ளி நின்று அளந்தால் போதும் என்று முடிவெடுத்தன. சினேகா தள்ளி நின்றாள். தூசுக்கு இந்த முடிவு தெரியாததால் அதுவும் தள்ளி வந்து மீட்டருக்குள் போனது.

இதற்கு நடுவில் அந்த ஃபில்டருக்குப் பரிசு கிடைத்தது. கேலி செய்யவில்லை, நிஜமாகவே கிடைத்தது. ஒவ்வொரு ஃபில்டருக்கும் பக்கத்தில், காற்று அதற்குள் எவ்வளவு முக்கி முனகிப் போகிறது என்று காட்ட ஒரு அழுத்தமானி உண்டு. முழு ஃபில்டரில் காற்று கஷ்டப்பட்டுத்தான் போகும். ஓட்டை இருந்தால் ஜாலியாகப் போய்விடும், முள் கீழே இறங்கிவிடும். முள் இறங்கியிருந்ததைப் பார்த்துவிட்டு மின்சாரச் சிக்கனக் குழு துள்ளிக் குதித்தது. ‘ஆண்டின் சிறந்த ஃபில்டர்’ என்று அறிவித்துவிட்டது. சுத்தமான அறைக்குள் பூமாலை கொண்டுபோகக் கூடாது அல்லவா? ஆகவே ஃபில்டரைப் பெரிதாகப் போட்டோ எடுத்து, சட்டம் போட்டு, ரிசப்ஷனில் மாட்டி, ரோஜா மாலை சாத்தி, கீழே சீரியல் பல்பும் எரிய விட்டார்கள். கூரியர் கொடுக்க வந்தவர் அதைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு, “பாவம், எப்ப தவறினாரு?” என்று கேட்டார்.

“ஆயுத பூஜை அன்னிக்கிண்ணா” என்றாள் சினேகா.

அவளுக்கு இதெல்லாம் முதலில் புரியவேயில்லை. இவர்களுக்குத் தெரியவில்லையோ, நாம் சரியாகச் சொல்லவில்லையோ என்றுதான் நினைத்தாள். நல்ல பெண்களுக்கு எல்லாம் முதலில் இப்படித்தான் தோன்றும். அதனால் இன்னும் பணிவாக, இன்னும் விளக்கமாக, இயக்குநரையே போய்ப் பார்த்தாள். “சார், புகை டெஸ்ட் ஒன்னு வெச்சிடலாங்களா? மேல புகை வுட்டு கீழ மீட்டரப் புடிச்சா, எங்க ஓட்டையோ அங்க காட்டிக் குடுத்துடுங்க. எல்லா கம்பெனிலயும் செய்யறதுதாங்க.”

இயக்குநர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். பேசத் தொடங்கினால் அவருக்கு அப்படித்தான். “சுத்தமான ரூமுக்குள்ள புகை விடறதா? என்னம்மா பேசற? ஃபில்டர் நம்ம வீட்டுப் பிள்ளை மாதிரி. பிள்ளை நல்லவனான்னு தெரிஞ்சுக்க நாமளே அவன் கையில பாட்டிலைக் குடுப்போமா? குடுக்க மாட்டோம். நம்புவோம். நம்பிக்கைதான் பெரிய டெஸ்ட்.” பிறகு கண்ணைத் திறந்தார். “சரி, நீ ஆசைப்படற. வெச்சுடலாம். ஆனா புகை வேண்டாம்.”

புகையில்லாத புகை டெஸ்ட் நடந்தது. புகை மிஷினுக்கு ரிப்பன் கட்டி ஓரமாக நிறுத்தினார்கள், ஸ்விட்சைப் போடவில்லை. வேறு எங்கிருந்தாவது துகள் வந்து டெஸ்டைக் கெடுத்துவிடக் கூடாதே என்று கூரைக் காற்றையும் நிறுத்தினார்கள். அசையாத காற்றில், காற்றே இறங்காத ஃபில்டருக்கு அடியில், ஹேமநாதன் மீட்டர் குழாயைப் பயபக்தியோடு பிடித்தார். ஒரு துகள் இல்லை. வெளியே வந்து லட்டு கொடுத்தார்கள். காற்றைத் திரும்பவும் போட்டதும் மீட்டர் கீச் என்றது, அப்போது எல்லோர் வாயிலும் லட்டு இருந்தது.

செத்த சிப்புகளை மைக்ராஸ்கோப்பில் பார்க்கிற வேலை ஜெபகுமாரிக்கு. பள்ளிப்பட்டுக்காரி, சினேகா வருகிற வேனில்தான் வருவாள். அவள் ஒருநாள் சினேகாவைக் கூப்பிட்டு, “வந்து பாருடி, சிப்பு நெத்தில பொட்டு” என்றாள். கண்ணை வைத்துப் பார்த்தால், அடுக்கடுக்கான கோடுகளுக்கு நடுவில் செக்கச்செவேலென்று ஒரு குங்குமத் துணுக்கு. இதை இயக்குநரிடம் கொண்டுபோனார்கள். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. “தணிகை முருகனே நம்ம சரக்குல முத்திரை குத்தியிருக்கான்” என்று கும்பிட்டார். சிப் வாங்குகிற கம்பெனி முருகனின் முத்திரையை ஏற்றுக்கொள்ளவில்லை. லாரி லாரியாகத் திருப்பி அனுப்பியது. கூடவே, நேரில் வந்து உங்கள் ஃபில்டர்களைப் பார்க்கப் போகிறோம் என்றும் சொல்லிவிட்டது.

இப்போதுதான் கம்பெனிக்கு உண்மையான காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டிய அவசியம் வந்தது. எல்லாக் குழுக்களும் ஒரே மேஜையைச் சுற்றி உட்கார்ந்தன. சினேகாவை ஓரமாக நிற்க வைத்தார்கள்.

“தூசு எப்ப வருது?” என்று கேட்டார் இயக்குநர்.

“சினேகா அளக்கும்போது வருது சார்” என்றார் ஹேமநாதன்.

“அளக்காதப்போ?”

“வந்ததா ஒரு தகவலும் இல்ல சார்.”

“ஞாயித்துக்கிழமை?”

“அன்னிக்கி அவங்களுக்கு லீவு சார். தூசும் வர்றதில்ல.”

மேஜையைச் சுற்றி ஒரு பெருமூச்சு எழுந்தது. சினேகா ஓரத்திலிருந்து முன்னால் வந்தாள். “சார், அளக்கறவ நான் ஒருத்திதாங்க இருக்கேன். நான் இல்லாங்காட்டி யாரு அளக்கறாங்க?” என்றாள்.

“பாத்தீங்களா, அவங்களே ஒத்துக்கறாங்க” என்றார் இயக்குநர்.

அந்தப் பெண் எந்த ஊர் என்று யாரோ கேட்டார்கள். பொதட்டூர்பேட்டை என்றதும் ஹேமநாதன் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். தறி ஊர்! வீட்டுக்கு வீடு பஞ்சு பறக்கிற ஊர்! உள்ளே வருகிறவர்கள் எல்லோரும் தலை முதல் கால் வரை வெள்ளை உறை மாட்டி, நாலு பக்கமும் காற்று அடிக்கிற கூண்டில் நின்றுவிட்டுத்தான் வருகிறார்கள், பஞ்சு எப்படி வரும் என்று சினேகா கேட்டாள். பஞ்சு உறையில் ஒட்டாது, ஊர்ப் பழக்கமாக ரத்தத்திலேயே ஒட்டியிருக்கும் என்று ஒருவர் விளக்கினார். அவர் வெளிநாட்டில் படித்தவர்.

விஞ்ஞான முறைப்படி நிரூபிக்க வேண்டும் அல்லவா? ஹேமநாதனும் இன்னும் இருவரும் வெள்ளை உறை, முகமூடி, கையுறை எல்லாம் மாட்டிக்கொண்டு, மீட்டரோடு சினேகாவின் தெருவில் போய் இறங்கினார்கள். ஊர் அரண்டு போனது. கொரோனா திரும்பி வந்துவிட்டது என்று நினைத்து, தெரு முழுக்கக் கதவைச் சாத்தினார்கள். டீக்கடைக்காரர் கொதிக்கிற பாலை அப்படியே விட்டுவிட்டு ஓடினார். ஒரு வீட்டு வாசலில் அவசர அவசரமாக வேப்பிலை கட்டினார்கள்.

துளசிங்கம் மட்டும் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே வந்தார். “இன்னாங்க, யாருக்கு வந்துகீது?”

வந்தவர்கள் நேராக உள்ளே போய்த் தறிக்குப் பக்கத்தில் மீட்டரை வைத்தார்கள். எண் ஓடியது, ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது, கடைசியில் மீட்டரே திக்கி நின்றுவிட்டது. ஹேமநாதன் முகமூடிக்குள்ளிருந்து கூவினார். “கெடச்சிருச்சு!”

“இன்னா கெடச்சுது?”

“தூசுங்க! உங்க பொண்ணோட தூசு!”

“தறி ஓட்ற வூட்ல பஞ்சு பறக்காம பவுனா பறக்கும்? இதுக்கா இம்மாம் வேஷம் போட்டுகினு வந்தீங்க?” என்றார் துளசிங்கம். வந்தவர்கள் அதையும் குறித்துக்கொண்டார்கள். தந்தையும் ஒப்புக்கொண்டார் என்று.

அடுத்த நாள் இயக்குநர் சினேகாவை அறைக்குக் கூப்பிட்டு, அன்பாக உட்கார வைத்தார். அவர் அன்பாகப் பேசினால் யாருக்கோ கெட்ட காலம் என்று கம்பெனி முழுக்கத் தெரியும்.

“பாரும்மா, சோதனைக்கு ரெண்டு பேர் வர்றாங்க. அவங்க முன்னாடி மைக்ல நீ ஒரே ஒரு வார்த்தை சொன்னாப் போதும். தூசு என்னாலதான் வந்துச்சு, எங்க வீட்டுப் பஞ்சுன்னு. அவ்வளவுதான். உன் நேர்மைக்காக உன்னை நிரந்தரம் பண்ணிடறோம்.”

“எங்க ஊர்லேந்து வேன் நெறைய பொண்ணுங்க வராங்களே சார்?”

“அந்த வேனை நிறுத்திடறோம். தறி வீட்டுலேந்து இனி யாரையும் எடுக்கறதில்லைன்னு ஒரு விதி போடறோம். உன்னை மட்டும் வெச்சுக்கறோம், திருந்தினதுக்கு அடையாளமா.”

“சொல்லலைன்னா சார்?”

“சொல்லலைன்னா நீ கிளம்ப வேண்டியதுதான். உன் பேருக்குப் பக்கத்துல ‘தூசுக்குக் காரணமானவர்’னு போட்டுடுவோம். இந்தியாவுல எந்தச் சிப் கம்பெனியும் உன்னை வாசல்ல நிக்கவிடாது. யோசிம்மா. ஃபில்டரைக் குறை சொன்னா அது யாரைக் குறை சொல்ற மாதிரின்னும் யோசி.” சொல்லிக்கொண்டே அவர் தன் மோதிர விரலைப் பார்த்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது துளசிங்கம் தறியை நிறுத்தினார். அவர் நல்லவர்தான். பெற்ற மனசு பயந்துவிட்டது. “சொல்லிட்டுப் போ கண்ணு. பஞ்சுன்னா நமக்கு இன்னா அசிங்கமா? பஞ்சுதான சோறு போடுது. ஒரு வார்த்தைதான?”

“ஒரு வார்த்தைதான் நைனா. அதச் சொன்னா எதிர் வூட்டுப் பொண்ணு நாளைக்கி வேலைக்கிப் போவ முடியாது. இந்தத் தெருவுல எந்தப் பொண்ணும் போவ முடியாது. அந்தாளு வெரலு வுட்டுக் கிழிச்சான், நான் எதுர நின்னு பாத்தேன். அவன் கிழிச்சதுக்கு நம்ம ஊரு பஞ்சு பழி ஏத்துக்கணுமா?”

“அவுங்க பெரிய மனுசங்கம்மா.”

“பெரிய மனுசங்களா இருந்தா இருக்கட்டும். செவப்பு காட்டுதுன்னா செவப்புன்னுதான் சொல்லுவேன்!” என்று கத்தினாள். கத்திய பிறகு அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. இத்தனை மாதமாகப் ‘பணிவாகச் சொன்னால் புரிந்துகொள்வார்கள்’ என்று நினைத்துக்கொண்டிருந்தது எல்லாம் எரிச்சலாக மாறி, எரிச்சல் கோபமாக மாறி, கோபம் பிடிவாதமாக உட்கார்ந்துவிட்டது. அன்றைக்கு இரண்டு தட்டு சோறு சாப்பிட்டாள்.

வேனில் எல்லோருக்கும் விஷயத்தைச் சொன்னாள். மறைக்கவில்லை. சில பேர் அழுதார்கள். ஒருத்தி, “நீயாவது உள்ள இருடி” என்றாள். ஜெபகுமாரி மட்டும் திரும்பி உட்கார்ந்து முறைத்தாள். “த்தோ, நீ மட்டும் அந்தப் பொய்ய சொன்னே, செத்தாலும் உன்னாண்ட பேச மாட்டேன்.”

“சொன்னாத்தானே?” என்றாள் சினேகா.

சோதனை நாள் வந்தது. சிப் வாங்குகிற கம்பெனியிலிருந்து ஒரு அம்மாவும் ஒரு ஐயாவும் வந்தார்கள். அந்த அம்மா சித்தூர்ப் பக்கம். வந்ததுமே ரிசப்ஷனில் மாலை போட்ட படத்தைப் பார்த்துவிட்டு முகத்தைச் சோகமாக்கிக்கொண்டார். பிறகு எல்லோரும் பார்வையாளர் மாடத்துக்குப் போனார்கள். அங்கே கண்ணாடிச் சுவர். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சுத்தமான அறை. அறைக்குள் இருப்பவர்களோடு பேச மாடத்தில் ஒரு மைக், அவர்கள் பேசுவது கேட்க ஒரு ஸ்பீக்கர்.

இயக்குநர் கண்ணை மூடிக்கொண்டு தொடங்கினார். “எங்க ஃபில்டர்கள்ல குறை கிடையாது. எங்ககிட்ட குறைன்னு இருந்தா அது மனுஷங்களாலதான். மத்த கம்பெனிகள் தூசைத் தேடுவாங்க. நாங்க தூசுக்குக் காரணமான ஆளைத் தேடினோம். தேடின உடனே கிடைச்சாங்க, ஏன்னா எங்க கண்காணிப்பு அப்படி. ஒரு ஃபில்டரை மாத்தறது எவனும் செய்வான். மனுஷங்களை மாத்தறதுக்குத் தைரியம் வேணும். அந்தப் பொண்ணே இப்ப உங்ககிட்ட சொல்லுவா. வாம்மா.”

சினேகா மைக் முன்னால் போனாள். அந்த அம்மாவைப் பார்த்து, வேண்டுமென்றே தெலுங்கில், எல்லையோரத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் வருகிற தெலுங்கில் சொன்னாள். “தூசு என்னால வரலைங்க. ஈசானிய மூலை ஃபில்டர் கிழிஞ்சிருக்கு. அவ்வளவுதாங்க.” பிறகு அதையே தமிழிலும் ஒரு தடவை சொன்னாள், புரியவில்லை என்று யாரும் தப்பித்துவிடக் கூடாது என்று.

ஹேமநாதன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். இயக்குநர் சிரித்தார். “பாவம், மனசு சரியில்லை. பரவாயில்லை, நிரூபிச்சே காட்டிடறேன். தறி வீட்டுக்காரங்க எல்லாம் வெளிய வாங்க!” என்று மைக்கில் உத்தரவு போட்டார். பொதட்டூர்பேட்டைப் பெண்கள் ஒவ்வொருவராக வெளியே வந்து மாடத்தில் வரிசையாக நின்றார்கள். அறை காலியானது. “இப்ப உள்ள ஒரு பஞ்சு கிடையாது. தறியே இல்லாத வீட்டுப் பொண்ணு ஒருத்தி போய் அளக்கட்டும்.”

வீட்டில் தறி இல்லாத ஜெபகுமாரி உள்ளே போனாள். தள்ளுவண்டியை நேராக ஈசானிய மூலைக்கே கொண்டுபோய், தெய்வ மரியாதை எதுவும் பார்க்காமல் அடியிலேயே நிறுத்தினாள். கீச் கீச் என்றது ஸ்பீக்கர்.

“பச்சைன்னு சொல்லும்மா” என்றார் இயக்குநர்.

“செவப்பு சார். நம்பர் படிக்கட்டுங்களா? நாப்பத்தி ஓராயிரத்து—”

இயக்குநர் ஸ்பீக்கரை அணைத்தார். வந்திருந்தவர்களிடம் திரும்பினார். “இவளும் அதே வேன்லதான் வர்றா. ஒட்டிக்கிச்சு.” பிறகு ஹேமநாதனைப் பார்த்தார். ஹேமநாதன் திருத்தணி டவுனில் பிறந்து வளர்ந்தவர், பைக்கில் வருகிறவர், தறியைப் படத்தில் பார்ப்பதையே தவிர்க்கிறவர். உறை மாட்டிக்கொண்டு உள்ளே போய் மீட்டருக்கு முன்னால் குனிந்தார். குனிந்தவர் நிமிரவேயில்லை.

“என்ன காட்டுது ஹேமநாதன்?” என்று கேட்டு, இயக்குநர் ஸ்பீக்கரைத் திரும்பப் போட்டார்.

“சார்... மூச்சு பட்டு கண்ணாடில பனி கட்டிகிச்சு சார். ஒன்னும் தெரியல சார்.”

“பச்சையா இருக்கா?”

“பச்சை மாதிரியும் இருக்குது சார். செவந்த பச்சை.”

வந்திருந்த ஐயா குறிப்பு எழுதுவதை நிறுத்திவிட்டு இயக்குநரைப் பார்த்தார். அந்த அம்மா, “மீ ஃபாக்டரீலோ நம்பர் சதிவேவாள்ளே லேரா?” என்றார். உங்கள் கம்பெனியில் எண் படிக்க ஆளே இல்லையா என்று சினேகா அதைச் சத்தமாகத் தமிழில் சொன்னாள். வரிசையில் நின்ற பெண்களில் யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள்.

இயக்குநருக்கு மூக்கு விடைத்தது. “நானே போறேன்!” என்றார். வெள்ளை உறை மாட்டி, காற்றுக் கூண்டில் கையைத் தூக்கிச் சுற்றிக்கொண்டு, உள்ளே போனார். ஜெபகுமாரியையும் ஹேமநாதனையும் வெளியே துரத்தினார். இப்போது அந்தப் பெரிய அறையில், கூரை முழுக்க ஃபில்டர், கீழே அவர் ஒருத்தர். தறி வீட்டுக்காரர்கள் இல்லை, வேனில் வந்தவர்கள் இல்லை, பஞ்சு இல்லை, பழி போட ஒரு ஆளும் இல்லை.

மீட்டர் கீச் என்றது.

அவர் எண்ணைப் பார்த்தார். ஃபில்டரை அண்ணாந்து பார்த்தார். மீட்டரை இரண்டு தட்டு தட்டினார். வண்டியை இந்தப் பக்கம் இழுத்தார், அந்தப் பக்கம் தள்ளினார். மீட்டருக்கு முன்னால் நின்று கையால் விசிறினார். எங்கே கொண்டுபோனாலும் அது விடவில்லை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வரிசையாக நின்ற முகங்களைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கு வியர்க்க ஆரம்பித்தது.

“சினேகா” என்று ஸ்பீக்கரில் அவர் குரல் வந்தது. இத்தனை நாளில் கேட்காத குரல். “கொஞ்சம் உள்ள வாம்மா. நீ வந்து படி.”

சினேகா மைக்கின் பொத்தானை அழுத்தினாள். “நான் வந்தா பஞ்சு வரும் சார். நீங்களே படிங்க.”

“ஹேமநாதன்?”

ஹேமநாதன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வந்திருந்த அம்மா மைக்குக்கு அருகில் குனிந்து, எண் என்ன, விளக்கு என்ன நிறம், படியுங்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார். நிதானமாகத்தான் கேட்டார். பிறகு முகமூடி அசைந்தது. “நாற்பத்தி...” என்று ஏதோ முனகியது. மிச்சம் உறைக்குள்ளேயே போய்விட்டது.

சினேகா கண்ணாடிக்குப் பக்கத்தில் போய், அவர் கண்ணை நேராகப் பார்த்துக்கொண்டு பொத்தானை அழுத்தினாள்.

“சத்தமா படிங்க சார். பொதட்டூர்பேட்டைக்குக் கேக்கணும்.”